லைன் கிடைத்தது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த கங்காதரன், 1999இல் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் காலை முழுக்க இன்டர்நெட் கிடைக்கவில்லை. டெலிபோன் ஒயரைக் கழற்றித் துடைத்துச் செருகினார். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டார். மூன்றாவது முறை டயல் செய்தபோது, மோடத்தின் வழக்கமான கிறீச்சொலிக்குப் பதிலாக மணி அடித்தது. திரையில் இருந்தது அவர்கள் வீட்டு நம்பர்.

“அலோ,” என்றது ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல்.

காபியோடு வந்த மனைவி தாட்சாயிணி அப்படியே நின்றாள். “இன்னாங்க, என் கொரலு மாதிரியே கீது?” அவர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, “கங்காதரன் கீறாருங்களா?” என்று கேட்டார்.

“அவரு இல்லீங்க,” என்றது குரல். “இன்னிக்கு அவருக்குப் பதினாறாம் நாள் காரியம். எல்லாரும் வந்துகினு கீறாங்க.” பின்னால் யாரோ பாத்திரம் உருட்டினார்கள்.

கங்காதரன் ஒயரைப் பிடுங்கினார். பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றப் போன அவர் கையைத் தாட்சாயிணி பிடித்துக்கொண்டாள். லேப்டாப் அருகே குனிந்து, “அவருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டாள்.

குரல் தணிந்து வந்தது. “பக்கத்துல கீறாரா? அவரு காதுல உழ வேணாம்.”

தாட்சாயிணி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். “கொஞ்சம் வெளிய இருங்க.”

அவர் மறுக்கவில்லை. தெருவில் வெயில் ஏறியிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரே குரல் கேட்டது, அதே குரல் பதில் சொன்னது. பிறகு யாரோ அழுதார்கள். இருவரில் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.