வங்கி வாசல் ஃப்ளெக்ஸ்

கல்விக் கடன் கட்டாதவர்களின் படங்களைப் போட்டு வங்கி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஃப்ளெக்ஸில் வந்த முதல் ஆள் நான்தான். பிளஸ் டூ போட்டோவையாவது மாற்றியிருக்கலாம். தலையில் அவ்வளவு எண்ணெய். டீக்கடை ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி, என் படத்துக்குக் கீழே மார்க்கரால் எழுதினேன்: 'பி.இ. மெக்கானிக்கல். வேலை கொடுத்தால் கடனைக் கட்டுவேன்.' போன் நம்பரையும் போட்டேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன தம்பி, வெக்கமா இல்ல? நாங்கல்லாம் கடன் வாங்கியா படிச்சோம்?"

"உங்களுக்கு ஃபீஸ் எவ்வளவு சார்?"

"வருஷத்துக்கு முந்நூறு ரூபா." பெருமையாக ஆரம்பித்தவர், முடிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல மனுஷன், பாவம்.

"எனக்கு ஒரு லட்சம் சார். வட்டி தனி."

"மொதல்ல கீழ இறங்குய்யா!"

இறங்கினேன். ஸ்கூட்டியில் வந்து நின்ற பெண், முகத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள். ஃப்ளெக்ஸில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள். என் கையிலிருந்த மார்க்கரை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள்.

"சார், ஆடுது," என்றாள் மேனேஜரிடம். "கொஞ்சம் பிடிச்சுக்குங்க."