காலி அறையின் சத்தம்

“ஒரு சொட்டுக் கண்ணீர் விடலப்பா. கல்நெஞ்சுக்காரி” என்றான் கேமராமேன், லென்ஸைத் துடைத்தபடி.

சொன்னது டைரக்டரைப் பற்றி. டைரக்டர் என்றதும் பெரிய கம்பெனி, கார், உதவிக்குப் பத்து பேர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கேமரா, ஒரு மைக், அவளையும் சேர்த்து நண்பர்கள் மூன்று பேர். தன் அம்மாவைப் பற்றி அவள் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படம் பாதியில் இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். எல்லாம் முடிந்து வந்த கையோடு, “அடுத்த ஷாட் என்ன?” என்று வந்து நின்றவள் அவள்.

அன்று கடைசி நாள். வாடகை வீடு. ராத்திரிக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். சாமானெல்லாம் போய்விட்டது. அம்மாவின் அறையில் ஒரு நாற்காலி மட்டும் மிச்சம்.

சாவிக்காகக் காத்திருந்த அவள் அண்ணன் கேட்டார்:

“ஏம்மா, கொஞ்ச நேரம் அம்மா ரூம்ல தனியா உக்காந்துட்டு வாயேன். இனிமே இந்த வீட்டுக்குள்ள நாம வர முடியாது.”

“டைம் இல்லண்ணா. வெளிச்சம் போயிட்டிருக்கு. தெருவுல இருந்து ஒரு ஷாட் பாக்கி.”

கேமராமேன் ஸ்டாண்டைத் தூக்கித் தோளில் போட்டான். அந்தி வெளிச்சத்தில் வீடு. அதுதான் படத்தின் கடைசி ஷாட். நாள் முழுக்க அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

“ஒரு நிமிஷம்.”

வேறு யார்? சவுண்டுக்காரன்தான். அவனுக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘காது’. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடினால் ஷூட்டிங்கை நிறுத்துவான். காக்கா கத்தினால் நிறுத்துவான். ஒரு தடவை கேமராமேனின் வயிறு பசியில் சத்தம் போட்டதற்கே நிறுத்திவிட்டான்.

“இந்த ரூமோட அமைதியை எடுக்கணும்.”

ஆள் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. எடிட்டிங்கில் பேச்சுக்கு நடுவே பள்ளம் விழுந்தால் அதை வைத்துத்தான் நிரப்புவார்கள். ஒரு நிமிடம் எடுத்தால் தாராளம்.

“எல்லாரும் வெளிய போங்க. டைரக்டர் மட்டும் உள்ள. கதவைச் சாத்திட்டு அந்த நாற்காலில உக்காரு. மைக்கைக் கையில பிடிச்சுக்கோ. நான் தட்டுற வரைக்கும் எழுந்திரிக்காதே.”

“இத்தனை நாள் மைக்கை ஸ்டாண்டுலதானேடா வெச்சே?” என்று எரிந்து விழுந்தான் கேமராமேன்.

“இப்ப ரூம் காலியா இருக்கு. எதிரொலிக்கும்.”

“வெளிச்சம் போகுதுடா!”

“உனக்கு வெளிச்சம். எனக்குச் சத்தம்.”

டைரக்டர் வானத்தைப் பார்த்தாள். ஆனாலும் அம்மா படம். அதில் ஒரு குறை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒயர் கதவுக்கு அடியில் நீண்டு ஹாலுக்கு வந்தது. காது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெஷினை மடியில் வைத்து, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஒண்ணுமே இல்லாததைப் போய்ப் பதிவு பண்றாங்களே!” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஒரு நிமிட வேலை இழுத்துக்கொண்டே போனது. காது அசையவில்லை. வெளியே இருட்டிவிட்டது. கடைசி ஷாட் கைவிட்டுப் போன வயிற்றெரிச்சலில் கேமராமேன் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கேட்டது. முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, “அம்மா” என்று ஒரே ஒரு தடவை. அதன் பிறகு, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் போன அழுகை. கேட்கவே பாவமாக இருந்தது.

கேமராமேன் திரும்பிப் பார்த்தான். காக்காவுக்கெல்லாம் ‘கட்’ சொல்கிறவன் இப்போது வாயைத் திறக்கவில்லை.

படுபாவி, விடாமல் எடுக்கிறான்! முதல் தடவையாக அவன்மேல் கேமராமேனுக்கு மரியாதை வந்தது.

கேமராவோடு பூனை மாதிரி பின்பக்கம் போனான். ஜன்னல் ஒருக்களித்திருந்தது. பல்பு வெளிச்சத்தில், நாற்காலியில் முழங்கால்மேல் கவிழ்ந்து கிடந்தாள். மைக்கை மட்டும் கீழே விடவில்லை. அவள் நிமிரும்வரை பொறுமையாக இருந்து முகத்தையும் எடுத்துக்கொண்டான்.

ரொம்ப நேரம் கழித்து, அழுகை தானாக ஓய்ந்த பிறகு, காது கதவைத் தட்டினான்.

கண்ணெல்லாம் வீங்கி வெளியே வந்தாள். “கெடுத்துட்டேன், இல்ல? சத்தம் விழுந்திருக்கும். இன்னொரு தடவை வேணா...”

“ஒரு சத்தமும் விழல. சுத்தமா இருக்கு.”

அவள் நம்பினாளோ இல்லையோ, வாசலுக்குப் போய் அண்ணன் கையில் சாவியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அப்படியே அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கேமராமேன் ஓடி வந்து சவுண்டுக்காரன் பக்கத்தில் குந்தினான்.

“செமையா சமாளிச்சேடா! ஜன்னல் வழியா மூஞ்சியை நான் பிடிச்சுட்டேன். அழுகையை நீ பிடிச்சுட்டே. ரெண்டையும் சேர்த்துப் போட்டா, போற ஃபெஸ்டிவல்ல எல்லாம் நமக்குத்தான் பரிசு. எங்க, கொஞ்சம் ஓட்டு, கேப்போம்.”

காது ஹெட்போனைக் கழற்றி அவன் தலையில் மாட்டினான்.

ஒன்றுமே கேட்கவில்லை.

கேமராமேன் மெஷினைப் புரட்டிப் பார்த்தான். மைக் ஒயரைத் தேடினான். அதன் முனை காதின் சட்டைப் பைக்குள் இருந்தது. மெஷினில் சொருகவே இல்லை.

“சும்மா உக்காருன்னா உக்கார மாட்டா” என்றான் காது. “வேலைன்னு சொன்னாத்தான் உக்காருவா.”