அடக்கத்துக்கு முன் கிடைத்த சங்கிலி

மலேசியாவின் கோத்தா பாரு நகர வீட்டில் அம்மாவின் உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைத்துணி சுற்றியாயிற்று. மகள் ரொஹாயா மட்டும் உள்ளறையில் டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திருட்டுப் பயத்தில் அம்மா நகைகளை ஒரே இடத்தில் வைத்ததில்லை. வளையல் பால்மாவு டப்பாவில் இருந்தது, மோதிரம் தையல் பெட்டியில்.

"ஜனாஸாவைத் தூக்கணும், அடக்கத்துக்கு நேரமாச்சு, வெளிய வாடி!" என்றாள் சித்தி ஜவியா.

"கொஞ்சம் பொறுங்க சித்தி, இன்னும் ஒண்ணு கிடைக்கல."

"பெத்தவ போய்ட்டா, உனக்கு நகை கேக்குதா? வெக்கமா இல்ல?"

ரொஹாயா அழுதபடியே அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். சங்கிலி தட்டுப்பட்டது. ஓடிவந்து சித்தியின் கையில் வைத்தாள்.

"என் கல்யாணத்துக்கு அம்மா உங்ககிட்ட இரவல் வாங்கினதாமே. இதைத் திருப்பிக் கொடுக்காம என்னை அடக்கம் பண்ணிடாதன்னு கெஞ்சினாங்க. வச்ச இடத்தைச் சொல்றதுக்குள்ள பேச்சு நின்னுடுச்சு."

சங்கிலியைப் பிடித்தபடி ஜவியா நின்றாள். கொடுத்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.