கங்காணி வீட்டு இருமல்

ஆஸ்பத்திரி வேன் வருவதற்கு முன்னால் காளியம்மா கடைசியாகக் கேட்டது சன்னாசி கங்காணியின் இருமலைத்தான். இடுக்கு விழுந்த பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தரம் இருமினார். சற்றுப் பொறுத்து இரண்டு தரம். இந்தப் பக்கம் அவர் மனைவி இருளாயியும் தோட்டத்து லயத்து வீடுகளின் பெண்கள் நாலைந்து பேரும் கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ரப்பர் மரங்கள் இலை கொட்டி முடித்து, புதுத் தளிர் விட்டிருந்த மாதம் அது. பால் குறைந்துபோனதால் பெண்களுக்கு மத்தியானமெல்லாம் ஓய்வு. கங்காணி வீட்டில் கிடந்த ஒரு கம்பளிச் சட்டையை யாரோ பார்த்துவிட்டு, இருளாயிக்கு இத்தனை கைவேலை தெரியுமா என்று வாயைப் பிளக்க, மறுநாளே அங்கே பின்னல் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. இருளாயி எவ்வளவோ மறுத்துப் பார்த்தாள். என்ன அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

வியர்வை வழிய வழியக் கம்பளி பின்னிய கூட்டம் பேராக் மாநிலத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒருத்தி தண்ணீர்க் கூஜாவுக்குக் குல்லா பின்னினாள். இன்னொருத்தி சேவலுக்குச் சட்டை பின்னிப் போட்டதில், சேவல் இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை.

காளியம்மாவுக்கு மட்டும் நிஜமான தேவை இருந்தது. மகள் பாப்பாவுக்குப் பங்குனிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை கேமரன் மலையில் லாரி ஓட்டுகிறவர். அந்தக் குளிருக்கு ஒரு சட்டையாவது தன் கையால் பின்னி மகளோடு அனுப்ப வேண்டும். சட்டையின் உடம்பு முடிந்து, ஒரு கையும் முடிந்து, இன்னொரு கைதான் பாக்கி.

ஊசியை நேராக விட்டால் நேர்க்கண்ணி, திருப்பி விட்டால் திருப்புக்கண்ணி. எது எங்கே வரவேண்டும் என்பதுதான் காளியம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. இருளாயியின் கையைப் பார்த்துப் பார்த்தே பின்னினாள். உள்ளே இருமல் கேட்கும்போது இருளாயியின் ஊசி ஒரு கணம் நிற்கும், அப்புறம்தான் நகரும். புருஷன்மேல் அத்தனை உசிர் என்று காளியம்மா நினைத்துக்கொள்வாள்.

கங்காணியோ லேசுப்பட்ட ஆளில்லை. காலைப் பெரட்டில் வரிசை நிறுத்தி வேலைக்கு ஆள் கூப்பிட அவர் குரல் எழும்பினால் தோட்டத்து நாய்கூட வரிசையில் வந்து நிற்கும். வாலிப வயசில் கேமரன் மலையில் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். அந்தக் குளிர் நெஞ்சில் தங்கி இப்போது வேலையைக் காட்டுகிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேச்சு வளர்ந்து டி.பி.யில் வந்து நின்றது. காளியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மருந்து கொடுக்கிற தோட்டத்து டிரெசரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் வேனை வரவழைத்துவிட்டார்.

கங்காணி ஏறமாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். தன் நெஞ்சு கருங்கல் மாதிரி இருக்கிறது என்று தட்டிக் காட்டினார்.

"அப்புறம் ஏண்ணே வீட்டுக்குள்ள மட்டும் அப்படி இருமுறீங்க?" என்றாள் காளியம்மா.

அவர் பெண்கள் கையிலிருந்த ஊசிகளைப் பார்த்தார். வாசலில் கூடியிருந்த பால் வெட்டுகிற ஆண்களைப் பார்த்தார். பிறகு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அதோடு வகுப்பு படுத்துவிட்டது. காளியம்மா கெஞ்சியதற்காக அந்த மீதிக் கையை இருளாயி வாங்கிப் பின்னினாள். அது ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூம்பி, மீன் பிடிக்கிற கூடு மாதிரி வந்தது. துக்கத்தில் கை ஓடவில்லை, எல்லாம் தன்னால்தான் என்று காளியம்மா தன்னையே நொந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டு வாசலிலேயே நர்ஸ் ஜைனப் நல்ல சேதி சொன்னாள். வந்த நாளிலிருந்து கங்காணி ஒரு தரம்கூட இருமவில்லை. எக்ஸ்ரேயிலும் நெஞ்சு சுத்தம். இன்றைக்கும் இப்படியே இருந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். காளியம்மா நின்ற இடத்திலேயே கும்பிட்டாள்.

கட்டிலோரம் உட்கார்ந்ததும் இருளாயி பையிலிருந்து அந்தச் சட்டைக் கையை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். கல்யாணம் நெருங்குகிறதே. அதைப் பார்த்ததும் கங்காணியின் முகம் மாறிவிட்டது. ஊசி நகர்ந்தது. அவர் ஒரு தரம் இருமினார்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் அடக்கிக்குங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போலாம்லா," என்று காளியம்மா குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். இருளாயி இன்னும் சில கண்ணி போட்டாள். அவர் போர்வையைப் பிசைந்தார். கண்ணில் நீர் முட்டியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் இரண்டு தரம் இருமியே விட்டார்.

ஜைனப் ஓடிவந்து அவர் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினாள். இனி வீட்டுக்கு அனுப்புவது கஷ்டம் என்றாள். காளியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இருளாயி அந்தக் கலவரத்தில் ஊசியை நேராகவே விட்டுக்கொண்டிருந்தாள்.

கங்காணி தெர்மாமீட்டரைப் பிடுங்கி எடுத்தார். அடுத்த வார்டு வரைக்கும் அவருடைய பெரட்டுக் குரல் போயிற்று.

"அடியே, ரெண்டு தரம் இருமுனா திருப்புக்கண்ணிலா."