வாயை மூடிய சிலை

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் ஒரு கரும்பு ஊரில், பிறந்த நூற்றாண்டு விழா வெயிலில், சிலையின் திரை விலகுகிறது. பழைய படங்களின் சிரிப்பு நடிகர் ஸ்னோவி டகெட், உதட்டை இறுக்கிக்கொண்டு வங்கி மேலாளர்போல் வெண்கலத்தில் நிற்கிறார். பொய்ப்பல்லைக் கழற்றி, பொக்கைவாயைக் காட்டியே நாட்டைச் சிரிக்கவைத்த மனிதர். கைதட்டல் பாதியில் அறுந்துபோகிறது. ரசிகர் மன்றத் தலைவி தெல்மாவின் பிடியில் லாமிங்டன் கேக் நசுங்குகிறது; தேங்காய்த் துருவல் செருப்பின் மேல் உதிர்கிறது. “வாயை எதுக்குய்யா மூடுனீங்க?” என்கிறாள். “ஒரு மரியாதையா இருக்கட்டும்னுதாம்மா,” என்று மேயர் சமாதானமாகக் கையை நீட்டுகிறார். “அவரு என்னைக்குய்யா மரியாதை கேட்டாரு? சிரிக்கத்தானே சொன்னாரு.” தெல்மா தன் பல்செட்டைக் கழற்றி, நீட்டிய அந்தக் கையில் வைக்கிறாள். சிலையைப் பார்த்து ஈறு தெரிய இளிக்கிறாள். அவளுக்குப் பின்னால் கிழடுகட்டைகளின் கைகள் ஒவ்வொன்றாக வாய்க்குப் போகின்றன.