சனிக்கிழமை கேக்

"அடிப்பாவி! அப்ப அவ சொன்னது நிஜம்தானா?"

பேக்கரிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அக்கா போட்ட சத்தத்தில், கல்லாவில் இருந்தவர் பதறிப்போய் நிமிர்ந்தார். பாவம், அக்காவும் வேண்டுமென்று கத்துவதில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கத்திக் கத்தியே குரல் அப்படி ஆகிவிட்டது.

மூலை மேஜையில் தங்கை. எதிரே அவள் மகள் குட்டி. ஆளுக்கொரு தட்டில் சாக்லேட் கேக். தங்கையின் வாய்க்குள் ஒரு துண்டு வேறு. கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"வாரா வாரம் நீ இங்க உக்காந்து கேக் சாப்பிடறியாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா. என் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்லன்னு அவகூட சண்டைக்கே போயிட்டேன், தெரியுமா?"

"முதல்ல உக்காருக்கா."

"உக்காரவா வந்தேன்?" என்று கேட்டபடியே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. தங்கைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. லாண்டரியில் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுகிற வேலை. ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆனால் எடை குறைந்தால்தான் கத்தியைக் கையில் எடுப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தங்கை சோறு, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் சாப்பிடுகிறாள். அடுத்த வாரம் டாக்டர் மறுபடி எடை பார்க்கப்போகிறார். ஆஸ்பத்திரியில் கூட இருப்பதற்காக அக்கா இப்போதே லீவுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

"கணக்குப் பண்ணித்தான்க்கா சாப்பிடறேன்" என்றாள் தங்கை. "மத்தியானம் சோத்தைப் பாதியாக் குறைச்சிட்டேன். டீயும் குடிக்கல. வாரத்துல ஒரு நாள் இப்படி ஈடுகட்டிச் சாப்பிட்டா தப்பில்லன்னு டயட் மேடமே சொல்லியிருக்காங்க."

"நாக்குக்கு என்னடி கணக்கு தெரியும்? இன்னிக்கு ஒரு துண்டு கேக்கும், நாளைக்கு ரெண்டு கேக்கும்."

"எடை குறைஞ்சிட்டுத்தான் இருக்கு."

"இந்தக் கேக் இல்லன்னா இன்னும் குறைஞ்சிருக்கும்ல? போன்ல பேசும்போதே நீ வலியில பல்லைக் கடிக்கறது எனக்குக் கேக்குதுடி. ஆபரேஷன் தள்ளிப்போச்சுன்னா என்ன பண்ணுவே?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வருகிற வழியிலேயே அழுகையும் வந்துவிடும்.

தங்கை இன்னொரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள். "ம்ம்... நல்லாருக்குல்ல குட்டி?" என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

அவ்வளவுதான். அக்காவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, தட்டை வெடுக்கென்று பிடுங்கிப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

"இவ்ளோ சொல்றேன், கொஞ்சமாவது வெக்கம் இருக்கா? உன் பொண்ணைப் பாரு! எப்படி இளைச்சு, கொடி மாதிரி அழகா ஆயிட்டா! அவகிட்ட இருக்கற கட்டுப்பாடு உன்கிட்ட இல்லையே!"

குட்டி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "எனக்கும் போதும்மா" என்று எழுந்து கை கழுவப் போனாள். அவள் தட்டில் இருந்த கேக்கின் ஒரு ஓரம்தான் உடைந்திருந்தது.

தங்கை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயையே! ஒரு துண்டு கேக்குக்கா இந்த அழுகை?"

"மெதுவாப் பேசுக்கா, அவளுக்குக் கேக்கப்போவுது." தங்கை முகத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். "நான் அளந்து சாப்பிடறதைப் பார்த்துட்டு அவளும் அளக்க ஆரம்பிச்சா. அம்மாவுக்குத் துணையாப் பொண்ணும் டயட்டுன்னு நானே ஊரெல்லாம் பெருமையடிச்சேன். இப்ப ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. கட்டிக்குடுக்கற சாப்பாட்டை ஸ்கூல்ல குப்பையில கொட்டிடறா. திட்டியும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டிக்கிட்டுதான் இருக்கேன். 'நீங்க பயப்படாம, ரசிச்சுச் சாப்பிடறதை அவ பார்க்கணும்'னு சொன்னாங்க. அதுக்குத்தான் வாராவாரம் இங்க கூட்டிட்டு வர்றேன். நான் ஒரு வாய் வெச்சா அவ ஒரு வாய் வைக்கறா. நான் நிறுத்தினா அவளும் நிறுத்திடறா."

குட்டி வைத்துவிட்டுப் போன தட்டை அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னது என்னைத்தான்க்கா. ஆனா கரைஞ்சிட்டு இருக்கறது அவ."

உள்ளே குழாய் மூடுகிற சத்தம் கேட்டது. அக்கா விருட்டென்று எழுந்தாள். பக்கத்து மேஜையில் வைத்த தட்டை எடுத்து வந்து தங்கையின் முன்னால் வைத்தாள்.

ஈரக்கையோடு திரும்பி வந்த குட்டி, தயங்கித் தயங்கி நின்றாள்.

"வா குட்டி, உக்காரு. உன் பெரியம்மாவுக்கு வாய் ஜாஸ்தி, புத்தி கம்மி. நான் சொன்னது எதையும் மனசுல வெச்சுக்காதே." அப்புறம் அக்கா கல்லாப் பக்கம் திரும்பினாள். ஊருக்கே கேட்கிற அதே குரல். "எனக்கும் ஒரு துண்டு குடுங்க! நல்லாப் பெரிசா!"

கேக் வந்ததும் தங்கை ஸ்பூனை எடுத்தாள். அக்காவும் எடுத்தாள். குட்டி, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மென்று விழுங்கும்வரை காத்திருந்துவிட்டு, தன் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.