புல் முளைத்த கூரை

தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தான். திரைச்சீலையை இழுத்துவிட்டான். மனைவி கரண்டியும் கையுமாகச் சிலையாகிவிட்டாள்.

“கதவு?” என்றாள் குரலே வராமல்.

“தாழ் போட்டாச்சு. சத்தம் போடாதே.”

“எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு. நேரா நம்ம கூரை மேலதான் நிக்கிறாங்க.”

கடலைப் பார்த்த அந்த மலைச்சரிவைக் குடைந்து, லீவுக்கு வந்து தங்க வீடு கட்டியிருந்தான் அவன். ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுக்கும் ஆர்க்கிடெக்ட், தனக்கென்று வரைந்த முதல் வீடு. சுவரெல்லாம் அங்கேயே தோண்டிய கல், கூரை முழுக்கப் புல். புகைபோக்கியைக்கூடப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்திருந்தான்.

“இயற்கையோட இழைஞ்சு போகணும் சார்” என்று, கேட்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். நிஜக் காரணம் அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

மேலே இருவரும் புல்லில் உட்காரும் சத்தம் கேட்டது. புகைபோக்கி வழியாகக் குரல் இறங்கியது.

“அடேயப்பா, என்ன காத்து! தம்பியையும் இழுத்துட்டு வந்திருக்கலாம்.”

அவனுடைய அண்ணன். அவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் இத்தனை புல்லும். தெரிந்தால் லீவுக்கு லீவு குடும்பம் மொத்தமும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடும் என்று பயந்திருந்தான்.

“தம்பிக்கு எங்கங்க நேரம்?” இது அண்ணி. “லீவு நாள்லகூட ஆபீஸே கதின்னு இருக்காராமே.”

காலையில் போனில் அப்படிச் சொன்னவன் அவன்தான்.

“உழைச்சு உழைச்சு இளைச்சுட்டான்டி. என்னால முடிஞ்சா இப்படி ஒரு இடத்துல அவனுக்கு வீடு கட்டிக் கொடுத்து, யாரும் தொந்தரவு பண்ணாம வாசல்ல நானே காவல் உக்காந்திருப்பேன்.”

அண்ணன் வழக்கத்தைவிட உரக்கப் பேசினார். கடல் இரைச்சலில் அப்படித்தான் பேச வேண்டியிருக்கும்.

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. எழுந்து கதவுப் பக்கம் போனான்.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இப்பப் போய் என்னன்னு சொல்லுவீங்க? மலைக்குள்ள இருந்து முளைச்சேன்னா?”

“கால்ல விழுறேன். மேல இருக்கிறது என் அண்ணன்டி.”

“எனக்கு மட்டும் வெக்கமா இல்லையா? அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

தாழ்ப்பாளில் வைத்த கை அங்கேயே நின்றது. திறக்கத் தைரியம் இல்லை, கையை எடுக்கவும் மனசு வரவில்லை.

மேலே யாரோ எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொள்ளும் சத்தம். அண்ணி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். புகைபோக்கி அதையும் விடாமல் கொண்டுவந்து சேர்த்தது.

“வாங்க, போயிடலாம். பாவம், அவங்க எவ்வளவு நேரந்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க?”